2,000 டாலர் ரைடிங் மோவர் எத்தனை மணி நேரம் உழைக்கும்?

அமெரிக்காவில் தனி வீடு வாங்கி, கூடவே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்தரையும் கைக்கு வந்துவிட்டால் முதல் கோடையிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிடும். ஹோம் டிப்போ, லோவ்ஸ் மாதிரி பெரிய கடைகளின் வாசலில் வரிசையாக நிற்கிற 2,000 டாலர் ரைடிங் மோவரை, அதாவது உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டியை, வாங்கலாமா, இல்லை இன்னொரு 2,000 போட்டு நல்லதாக எடுக்க வேண்டுமா? "அஞ்சு வருஷம் வந்தாலே பெரிசு" என்று ஒருவர் சொல்வார். "பதினஞ்சு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதலில் சொன்னவர் வீட்டில் இரண்டரை ஏக்கர், அதுவும் மேடும் பள்ளமும். அடுத்தவர் வீட்டில் சமதளமாக அரை ஏக்கர்.

இந்த வண்டிகளுக்கு வருஷக் கணக்கு சரிப்படாது. மணிக் கணக்குதான் சரி. 42 அங்குல டெக் (அடியில் பிளேடுகளை மூடியிருக்கிற தகட்டுக் கூடு) உள்ள லான் டிராக்டர் (இந்த வகை ரைடிங் மோவருக்கு அதுதான் பெயர்), மணிக்கு 4 மைல் வேகத்தில் போனால், காகிதக் கணக்கில் ஒரு மணி நேரத்தில் 1.7 ஏக்கர் வெட்ட வேண்டும். மரத்தைச் சுற்றுவது, திருப்புவது, வெட்டிய இடத்தின் மேலேயே கொஞ்சம் ஏறி வெட்டுவது எல்லாம் போக, ஒரு மணிக்கு ஒரு ஏக்கர் கிடைத்தால் நல்லது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை 28 தடவை வெட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அரை ஏக்கருக்கு, அதாவது நம்மூர்க் கணக்கில் 50 சென்ட்டுக்கு, வருஷம் 14 மணி. ஒரு ஏக்கருக்கு 28 மணி. இரண்டரை ஏக்கருக்கு 70 மணி.

தயாரிப்பாளர்களே இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஜான் டியரின் எஸ்100 வரிசைக்கு வாரண்டி 2 வருஷம் அல்லது 120 மணி, எது முதலில் வருகிறதோ அது. எஸ்200-க்கு 3 வருஷம் அல்லது 200 மணி. எக்ஸ்300-க்கு 4 வருஷம் அல்லது 300 மணி. விலை ஏற ஏற மணியும் ஏறுகிறது. இரண்டரை ஏக்கர்காரர் இரண்டாவது கோடை முடிவதற்குள் 120 மணியைத் தாண்டிவிடுவார். அரை ஏக்கர்காரர் அந்த 120 மணியைத் தொட எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரே வண்டிதான், ஆனால் இரண்டு வேறு ஆயுள்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் போட்ட இந்த மலிவு வண்டிகளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 400, 500 மணி எதிர்பார்ப்பது நியாயம். பார்த்துக்கொள்ளாவிட்டால் 150 மணியிலேயே ஏதாவது பெரிதாகக் கையைக் கடிக்கும். எங்கே கடிக்கும் என்பது கிட்டத்தட்ட முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

கடையில் எல்லோருடைய கண்ணும் போவது பானட்டின் மேல் ஒட்டியிருக்கிற ஹெச்.பி. எண்ணுக்கு. 17.5, 19, 20 என்று இருக்கும். அதைப் பார்த்து வாங்காதீர்கள். புல்வெட்டி எஞ்சின்களின் குதிரைத் திறனைக் கூட்டி விளம்பரப்படுத்தினார்கள் என்று பல நிறுவனங்கள் மேல் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு, 2010-ல் விஸ்கான்சின் ஃபெடரல் நீதிமன்றத்தில் சமரசத்தில் முடிந்தது. 42 அங்குல டெக்கைச் சுழற்ற 500 சிசி ஒற்றை சிலிண்டரே போதும். வண்டியின் ஆயுள் சீட்டுக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது: எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற டிரான்ஸ்ஆக்சில்.

விலையைக் குறைப்பதற்கு முதலில் கை வைக்கிற இடமும் அதுதான். மிகக் குறைந்த விலை மாடல்களில் லிவரைத் தள்ளி மாற்றும் ஏழு வேகம் இருக்கும். அதில் இரண்டு டிரைவ் பெல்ட்டும் நடுவில் அகலம் மாறுகிற ஒரு கப்பியும் வேலை செய்கின்றன. இது வெப்பத்தால் கெடாது, ஆனால் பெல்ட் தேயும், கப்பி இறுகிக்கொள்ளும். அப்போது எந்த எண்ணில் வைத்தாலும் வண்டி ஒரே வேகத்தில் ஊரும். சரிசெய்யும் செலவு குறைவு, அழுக்கு வேலை அதிகம். அதற்கு மேல்படியில் வருவது பெடலை மிதித்தால் போகிற, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக், சுருக்கமாக ஹைட்ரோ. ஓட்ட சுகமானது. பல வருஷங்களாகப் பல பிராண்டுகளின் லான் டிராக்டர்களில் பரவலாக வந்தது டஃப் டார்க் நிறுவனத்தின் கே46. ஹைட்ரோ-கியரின் டி2-வும் அதே வகுப்பு. இவை மோசமான பொருட்கள் அல்ல. சமதளத்தில் புல் வெட்டுவதற்கென்று செய்தவை, அந்த வேலைக்குச் சரியாக இருக்கும். மேட்டில் ஏற்றினாலோ, தண்ணீர் நிரப்பிய ரோலர், மண் ஏற்றிய வண்டி என்று பின்னால் கட்டி இழுத்தாலோதான் பிரச்சினை.

உள்ளே நடப்பது இது. ஒரு சின்ன பம்ப் எண்ணெயை அழுத்தி மோட்டாருக்கு அனுப்புகிறது, அந்த அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மேட்டில் அழுத்தம் கூடும், எண்ணெய் சூடேறும், சூடேறிய எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகும். இளகிய எண்ணெய் பம்ப்பின் இடுக்குகள் வழியாக உள்ளேயே கசிந்து திரும்பிவிடும். வண்டி மெதுவாகும். நாம் பெடலை இன்னும் அழுத்துவோம், சூடு இன்னும் ஏறும். கூடவே உள்ளே உராய்ந்த இரும்புத் தூள் அதே எண்ணெயில் சுற்றிச் சுற்றி வந்து தேய்மானத்தைக் கூட்டும். கே46-ன் பல பதிப்புகளில் எண்ணெயை வடிப்பதற்குத் திருகே கிடையாது. மாற்ற வேண்டுமென்றால் ஆக்சிலைக் கழற்றி இறக்கி, கவிழ்த்துத்தான் வடிக்க வேண்டும். சுமார் 2 லிட்டர் எண்ணெய்க்காக அரை நாள் வேலை. அலுத்துக்கொள்ளாமல் 150, 200 மணியில் ஒருமுறை அதைச் செய்து, டஃப் டார்க்கே விற்கிற 5டபிள்யூ-50 சிந்தெடிக் ஊற்றியவர்களின் வண்டி மேட்டிலும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. செய்யாமல் விட்டு புது டிரான்ஸ்ஆக்சிலே வாங்க நேர்ந்தால், அது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும்.

ஆக்சிலின் தலையில் ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும். அதைச் சுற்றிப் புல்தூசி அடைத்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒவ்வொரு தடவை வெட்டி முடித்ததும் லீஃப் புளோயரால் அந்த இடத்தில் அரை நிமிடம் ஊதினால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எஞ்சினைச் சிரமப்படுத்த வேண்டாம்" என்று எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டிலை பாதியில் வைத்து வெட்டுகிறவர்கள் நிறைய. அது வண்டிக்குச் செய்கிற கெடுதல். எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியும் ஆக்சில் விசிறியும் எஞ்சின் வேகத்தில்தான் சுற்றுகின்றன. பாதி வேகத்தில் பாதிக் காற்றுதான் கிடைக்கும், பிளேடும் புல்லை வெட்டாமல் பிய்க்கும். திராட்டில் எப்போதும் முழுசாக. மெதுவாகப் போக வேண்டுமென்றால் பெடலில் குறையுங்கள்.

அடுத்தது டெக். மலிவு வண்டிகளில் இது ஒரே தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தது, 12 அல்லது 13 கேஜ், அதாவது சுமார் 2.3 முதல் 2.7 மில்லிமீட்டர் தடிமன். விலை கூடியவற்றில் 10, 11 கேஜ் தகட்டை வெட்டி வெல்டிங் செய்திருப்பார்கள், 3 மில்லிமீட்டருக்கு மேல். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன பெரிசு என்று தோன்றும். டெக்கைக் கழற்றி, கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். ஈரப்புல் அடியில் ஒட்டிக் காய்ந்து, கெட்டியான பச்சை அடை மாதிரி படிந்திருக்கும். அதைப் புட்டி கத்தியால் பெயர்த்தால் அடியில் பெயின்ட் கூடவே உரிந்து வரும், ஆரஞ்சு நிறத் துரு தெரியும். உரம் போட்ட புல்லாக இருந்தால் உப்பும் சேர்ந்து அரிப்பு இரட்டிப்பாகும். முதலில் ஓட்டை விழுவது புல் வெளியே தள்ளப்படும் வாயின் ஓரத்திலும், பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டான ஸ்பிண்டில் உட்காரும் இடத்தைச் சுற்றியும். ஓரம் போனால் ஒட்டுப் போடலாம். ஸ்பிண்டில் உட்காரும் இடம் விரிசல் விட்டால் பிளேடு சாய்ந்துவிடும், அதிர்வு கூடும், விரிசல் இன்னும் நீளும். அந்த நிலையில் டெக் முடிந்தது.

டெக்கின் மேல் தோட்டக் குழாய் மாட்டிக் கழுவ ஒரு துவாரம் கொடுத்திருப்பார்கள். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தண்ணீர் பேரிங்குக்குள் போகிறது, கழுவிய பிறகு ஷெட்டில் ஈரமாகவே நிற்கிறது, ஒட்டிய அடையும் முழுசாகப் போவதில்லை. பனி காய்ந்த பிறகு வெட்டுவது, நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை உலர்ந்த டெக்கைச் சுரண்டுவது, மேலே பெல்ட் மூடிக்குக் கீழே சேர்கிற புல்லை ஊதி எடுப்பது: இந்த மூன்றும் போதும்.

ஸ்பிண்டிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மலிவு டெக்குகளில் ஸ்பிண்டில் உறை அலுமினியம். அதை டெக்கோடு பிடிப்பது தானே மரை வெட்டிக்கொண்டு இறங்குகிற போல்ட்டுகள். ஒருமுறை கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது, போல்ட்டைக் கையால் இடப்பக்கம் சுற்றி, பழைய மரையில் 'டக்' என்று விழுவதை உணர்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும். இம்பாக்ட் கன்னை நேராக வைத்தால் அலுமினிய மரை மாவாகிவிடும். இரண்டாவது, கிரீஸ் நிப்பிள் இருக்கிறதே என்று கிரீஸ் அடித்துக்கொண்டே இருப்பார்கள், பேரிங் அப்படியும் கத்தும். காரணம், உள்ளே இருப்பது இரு பக்கமும் ரப்பர் சீல் போட்ட பேரிங். கிரீஸ் உறைக்குள் நிறைகிறதே தவிர, பேரிங் குண்டுகளைத் தொடுவதே இல்லை. பேரிங் மாற்றும்போது உறையின் உட்பக்கம் பார்க்கிற சீலை மட்டும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு மாட்டினால், நிப்பிளுக்கு அப்புறம்தான் அர்த்தம் வரும். 25 மணிக்கு ஒருமுறை இரண்டு அழுத்து போதும்.

பேரிங் போய்விட்டதா என்று பார்க்க, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு பிளேடையும் கையுறையோடு சுற்றிப் பாருங்கள். கரகரவென்று கைக்கு உணர்ந்தாலோ, பிளேடு நுனியை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் கொடுத்தாலோ மாற்றுங்கள். 6203, 6204 போன்ற சாதாரண அளவு பேரிங்குகள்தான் பெரும்பாலும் இருக்கும், பழையதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும்.

முன்பக்கத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். முன்சக்கரங்களில் பேரிங்குக்குப் பதில் புஷ் (குண்டு இல்லாத வெறும் வளையம்) போட்டிருப்பார்கள். கிரீஸ் காணாவிட்டால் துளை முட்டை வடிவமாகி சக்கரம் ஆடும். ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு பல் தகடும் அதில் ஓடும் சின்னப் பல்சக்கரமும் இருக்கும். மணல் ஒட்டாத உலர் லூப்ரிகன்ட் அங்கே போடுங்கள். தேய்ந்துவிட்டால் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பும். பாகம் மலிவு, மாட்டுவதற்கு வண்டியைச் சாய்த்து மல்லாட வேண்டும்.

எஞ்சினுக்கு வருவோம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் ஒற்றை சிலிண்டரில் ஆயிரம் பேர் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் வீணாக மாற்றுவதற்குக் காரணமான ஒரு கோளாறு உண்டு. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி, எதிலோ முட்டியது மாதிரி நிற்கும். பேட்டரி போய்விட்டது என்றே தோன்றும். பெரும்பாலும் அது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு. ஸ்டார்ட் ஆகும்போது அழுத்தத்தைக் குறைக்க, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டில் ஒரு சின்ன மேடு வால்வைக் கொஞ்சமாகத் திறந்துவிடும். இடைவெளி தேய்ந்து அதிகமாகிவிட்டால் அந்த மேடு வால்வை எட்டாது, ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்டும்.

சரிசெய்ய எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், வால்வு மூடியின் நான்கு போல்ட்டையும் எடுங்கள். பிளக் துளையில் நீளமான ஸ்ட்ரா ஒன்றை விட்டு, மேலே விசிறி வலையைக் கையால் சுற்றுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஸ்ட்ரா ஏறுவது நிற்கும். அங்கேயே அளந்தால் தப்பாக வரும், அந்தச் சின்ன மேடு இன்னும் வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் சுற்றி, ஸ்ட்ரா கால் அங்குலம் கீழே இறங்கிய இடத்தில் நிறுத்துங்கள். ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், வெளியேற்றும் வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம். எஞ்சின் மாடல் எண்ணுக்கு இதுதான் அளவா என்று ஒருமுறை சரிபாருங்கள். அளவை மாற்றச் சுற்றுகிற நட்டின் நடுவில் இருக்கிற பூட்டுத் திருகை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க மறக்காதீர்கள், இறுக்கும்போது அளவு நகரும். ஒரு மணி நேர வேலை. ஃபீலர் கேஜ் பத்து டாலருக்குள் கிடைக்கும்.

இதே எஞ்சின்களில் ஹெட் கேஸ்கட் போவதும் சகஜம். சிலிண்டருக்கும் புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பி) பாதைக்கும் நடுவில் இருக்கிற குறுகிய இடத்தில்தான் கிழியும். எரிந்த வாயு எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் புகுந்து, எண்ணெயை ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். சூடுதான் மூல காரணம், சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் எலிக்கூடு. குளிர்காலத்தில் ஷெட்டில் நிற்கும்போது விசிறி உறைக்குள் எலி பஞ்சும் புல்லும் சேர்த்து வைத்துவிடும். வசந்தத்தில் முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்த உறையைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக இதழ்களின் இடுக்குகள் தெரிகிற அளவுக்குச் சுத்தம் செய்யுங்கள்.

ஆயில் விஷயம் எளிது. முதல் 5 முதல் 8 மணிக்குள் ஒருமுறை, பிறகு 50 மணிக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை. சுமார் 1.4 லிட்டர் பிடிக்கும், எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30. பெட்ரோலில் இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்தது) வரை சரி, பங்க்கில் மலிவாகக் கிடைக்கிறதென்று இ15 போடக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கிற ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டி, கார்ப்பரேட்டர் வரை அது போய்ச் சேர வையுங்கள்.

யார் வாங்கக் கூடாது? கால் ஏக்கர் மனை உள்ளவர்களுக்கு இது தேவையே இல்லை. 21 அங்குல செல்ஃப்-ப்ரொப்பெல்டு மோவர் கால்வாசி விலையில் வேலையை முடித்துவிடும், கராஜில் இடமும் மிஞ்சும். சரிவு உள்ளவர்கள் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேனுவல்கள் சொல்கிற உச்ச வரம்பு 15 டிகிரி, அதாவது 10 அடி தூரத்துக்கு சுமார் இரண்டரை அடி ஏற்றம். அதற்கு மேல் என்றால் எந்த விலை லான் டிராக்டரும் வேண்டாம், கவிழ்ந்தால் உயிர் போகும். அதற்குள் இருக்கிற சரிவானாலும் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி இறங்குங்கள். தோட்டத்தில் பாதி சரிவு என்றால் மலிவு ஹைட்ரோவை விட்டுவிட்டு அடுத்த வகுப்பு டிரான்ஸ்ஆக்சில் உள்ளதைத் தேடுங்கள், விற்பவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். இரண்டு ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் இதே பதில். சமதளமாக அரை ஏக்கரிலிருந்து ஒன்றேகால் ஏக்கர் வரை, மேலே சொன்ன பராமரிப்பைச் செய்யத் தயார் என்றால், 2,000 டாலர் வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். 4,000 டாலர் வண்டியின் கூடுதல் மணிகளை நீங்கள் பயன்படுத்தப் போவதே இல்லை.

பெரிய கடையில் வாங்கினால் மட்டமான சரக்கு, டீலரிடம் வாங்கினால் நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. மாடல் எண் ஒன்றாக இருந்தால் வண்டியும் ஒன்றுதான். டீலர் ஓட்டிப் பார்த்துத் தருவார், கடையில் அது நம் பொறுப்பு. லாரிக்காக டயரில் காற்றைக் கூட்டி அடைத்திருப்பார்கள். முன்னால் 14 பிஎஸ்ஐ, பின்னால் 10 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் டெக்கின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இடது வலது சமமாகவும், முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்வாகவும் இருக்கட்டும். ஹைட்ரோவில் காற்று சிக்கியிருந்தால் வண்டி வெட்டி வெட்டி நகரும். பின்னால் இருக்கிற ஃப்ரீவீல் லிவரை (வண்டியைக் கையால் தள்ள வசதியாகச் சக்கரத்தை விடுவிப்பது) இழுத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓட்டி, முன் பெடலையும் பின் பெடலையும் மாற்றி மாற்றிச் சில விநாடிகள் மிதியுங்கள். பிறகு லிவரை உள்ளே தள்ளி அதையே திரும்பச் செய்தால் காற்று வெளியேறிவிடும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மணி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைக்காமல் இருக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சின் முதல் திருப்பலிலேயே பிடிக்கிறதா பாருங்கள். டெக்கின் அடியில் கைபேசியை நீட்டி ஒரு வீடியோ எடுத்து, ஸ்பிண்டிலைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஹைட்ரோ வண்டியானால் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், எண்ணெய் ஆறியிருக்கும்போது தேய்ந்த ஆக்சிலும் நன்றாகத்தான் ஏறும். அவர் தோட்டத்திலேயே அரை மணி நேரம் புல் வெட்டிவிட்டு, பிளேடை நிறுத்தாமல், அங்கே இருக்கிற மேட்டில் ஏற்றுங்கள். எஞ்சின் சத்தம் மாறாமல் வண்டி மட்டும் வேகம் இழந்தால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.